“வெறும்” டியூஷன்!

தம்பி,

உன் மடல் கண்டேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். நான்கு பக்கத்திலும் ஒரே ஒரு சொல்தான் முள்ளாகக் கிடக்கிறது. உன்னைக் குத்திய அந்த முள் என்னையும் குத்திற்று. “வெறும்” என்ற சொல்!

மின் பொறியியலில் பட்டம் பெற்றுவிட்டாய். இரண்டாண்டுகளாக வேலைக்கு எழுதிப் போட்டபடி இருக்கிறாய். மாலையில், அரியர் வைத்துவிட்டுத் திகைத்து நிற்கும் மாணவர் எட்டுப் பேரைத் திண்ணையில் உட்காரவைத்து, ‘கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்’ பாடம் சொல்லித் தருகிறாய். “பையன் என்ன செய்கிறான்?” என்று யாரேனும் கேட்டால், “வெறும் டியூஷன் எடுக்கிறான்” என்கிறாராம் அப்பா. வெறும் வயிறு, வெறும் கை, வெறும் பேச்சு – அந்த வரிசையில் வெறும் டியூஷன்!

அப்பாமீது கோபம் கொள்ளாதே. கடன் வாங்கிப் படிக்க வைத்தவர், கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மாதச் சம்பளம் என்ற ஒன்றைத்தான் அவரால் ஊராருக்குக் காட்ட முடியும். திண்ணையை எப்படிக் காட்டுவார்? அது அவருடைய வேதனை. அதை நான் குறை கூறப் போவதில்லை.

ஆனால், உன் உண்மையான காயம் அப்பா சொன்ன சொல்லில் இல்லை. அது நான்காம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கிறது. ஒரு மாணவன் கேட்டானாம்: “அண்ணா, ரூத் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் கூட்டலும் கழித்தலுமாகக் குறி எத்தனை முறை மாறுகிறதோ, அத்தனை மூலங்கள் வலப்பக்கம் இருக்கும், பொறி நிலைகுலையும் என்கிறீர்கள். சரி, ஏன் அப்படி?” ஏன்! நீ திகைத்தாய். “நாளைக்குச் சொல்கிறேன்” என்றாய். மறுநாள் காய்ச்சல் என்று பாடத்தை நிறுத்தினாய். அடுத்த நாளும் காய்ச்சல். “எனக்கே தெரியாததை நான் எப்படி அண்ணா சொல்லித் தருவேன்? இந்த வேலையை விட்டுவிடலாமா?” என்று கேட்கிறாய்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ரூத் அட்டவணை என்றதும், ரயில் அட்டவணை போல ஏதோ ஒன்று என்றுதான் முதலில் எண்ணினேன்! பொறியாளர் நண்பர் ஒருவரைப் பிடித்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, பொருள் கேட்டேன். அவர் சொன்னார்: “ஊஞ்சலைத் தட்டிவிட்டால் ஆடி ஆடி அடங்கும். சில பொறிகளோ தட்டிவிட்டதும் ஆட்டம் அடங்காமல், மேலும் மேலும் ஏறி, தம்மைத் தாமே உடைத்துக்கொள்ளும். எது அடங்கும், எது உடையும் என்பதைப் பொறியை ஓட்டிப் பார்க்காமலே, காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லும் வழிதான் ரூத் அட்டவணை.” அருமை என்றேன். அந்த ரூத் யார் என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை. தேடினேன். தேடியவனுக்குப் புதையலே கிடைத்தது!

யார் தெரியுமா, தம்பி, அந்த எட்வர்ட் ரூத்? டியூஷன் வாத்தியார்!

ஆம். 1831-இல் கனடாவின் கியூபெக் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்றவர். 1854-ஆம் ஆண்டுத் தேர்வில் அவர்தான் முதல்வர். இரண்டாம் இடம் பெற்றவர், மின்காந்தத்துக்கே இலக்கணம் எழுதிய மாக்ஸ்வெல்! மாக்ஸ்வெல்லை முந்தியவர் பிறகு என்ன செய்தார்? பேராசிரியர் பதவிக்குக் காத்துக் கிடந்தாரா? இல்லை. மாணவர்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு, முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தனிப்பாடம் நடத்தினார். அவரிடம் பயின்றவர் 600 பேருக்கு மேல். அவர்களில் 25-க்கும் மேற்பட்டோர், ஆண்டுக்கு ஒருவராகப் பல்கலைக் கழகத்தில் முதலிடம் பெற்றனர். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய ராலே பிரபு அவர் மாணவர். எலெக்ட்ரானைக் கண்ட ஜே. ஜே. தாம்சன் அவர் மாணவர்.

நீராவி எந்திரத்தின் வேகத்தை அடக்கியாளும் கருவி ஏன் சில வேளை வெறிகொண்டு ஆடுகிறது என்ற கேள்வியை 1868-இல் கட்டுரையாக எழுதியவர் மாக்ஸ்வெல். சிறிய சமன்பாடுகளுக்கு அவர் விடை கண்டார். எவ்வளவு பெரிய சமன்பாட்டுக்கும் பொருந்தும் விடை அவருக்கு அகப்படவில்லை. 1877-இல் அந்த விடையைத் தந்து பரிசு பெற்றவர், நாள்தோறும் மாணவர்களுக்குக் கணக்குத் திருத்திக்கொண்டிருந்த ரூத். நீ எந்த அட்டவணையைப் பார்த்து வெட்கி ஓடினாயோ, அந்த அட்டவணையே ஒரு டியூஷன் வாத்தியார் நாட்டுக்குத் தந்தது!

“அவர் கேம்பிரிட்ஜ் முதல்வர், முதல்வருக்கு எல்லாம் நடக்கும். நெசவாளி வீட்டிலும் குமாஸ்தா வீட்டிலும் பிறந்தவனுக்கு நடக்குமா?” என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். அதனால்தான் நெசவாளி மகன் ஒருவனையே அழைத்து வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலை. கம்பர்லாந்து என்பது அந்நாளையப் பெயர். அங்கே ஈகிள்ஸ்ஃபீல்டு என்றொரு சிற்றூர். 1766-இல் அங்கு பிறந்தான் ஜான் டால்டன். தந்தை தறி நெய்பவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. அரசாங்கத் திருச்சபைக்கு அடிபணியாத பிரிவு. அடிபணியாதவனுக்கு அந்நாளில் என்ன தண்டனை தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டின் வாயிற்படியில் காலை வைக்கும்போதே, திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். கேம்பிரிட்ஜில், படிக்கலாம், ஆனால் பட்டம் வாங்கும்போது கையெழுத்துக் கேட்பார்கள். அறிவிருக்கிறதா என்று கேட்கும் முன்பே, எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்ட கல்விக்கூடங்கள்! இந்தத் தடை பெரும்பாலும் நீங்கியது 1871-இல்தான். கதவடைப்பு என்பது நம் நாட்டுச் சரக்கு மட்டும் என்று எண்ணிவிடாதே, தம்பி. அவர்களும் அடைத்தார்கள், வேறு பூட்டுப் போட்டு.

பல்கலைக் கழகம் இல்லை, பணம் இல்லை, பட்டம் இல்லை. பையன் என்ன செய்தான்? பன்னிரண்டாம் வயதில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினான்! பன்னிரண்டு வயது வாத்தியார்! தன்னைவிட மூத்த, தன்னைவிட உயரமான பையன்கள் சிலர் வாத்தியாரைச் சண்டைக்கு அழைத்தார்கள் என்றும் சொல்வார்கள். 15-ஆம் வயதில் கெண்டல் என்ற ஊருக்குப் போய், அண்ணனோடு சேர்ந்து ஒரு பள்ளியில் வேலை பார்த்தான். அங்கே ஜான் காஃப் என்ற பார்வையற்ற அறிஞர் இருந்தார். கண்ணிருந்த இளைஞனுக்குக் கண்ணில்லாத பெரியவர் கணிதமும் லத்தீனும் கற்பித்தார். வானிலையைத் தினமும் குறித்துவை என்றும் சொன்னார். 1787 மார்ச் 24-இல் எழுதத் தொடங்கிய அந்தக் குறிப்பேட்டை, 1844-இல் இறப்பதற்கு முந்திய நாள்வரை, 57 ஆண்டுகள் விடாமல் எழுதினார் டால்டன். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குறிப்புகள்! நாமெல்லாம் ஜனவரி முதல் தேதி நாட்குறிப்பு வாங்கி, பொங்கலுக்குள் அதைப் பரணில் ஏற்றிவிடுகிற கூட்டம்.

1793-இல் மான்செஸ்டருக்கு வந்தார். நூலாலைகள் புகை கக்கிக்கொண்டிருந்த நகரம். திருச்சபைக்கு அடங்காதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே ஒரு கல்லூரி நடத்தினார்கள். அதில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஏழாண்டுகள். கல்லூரியின் நிதிநிலை தளர்ந்தது; 1800-இல் வெளியே வந்தார்.

இங்கேதான் நீ நிறுத்திப் படிக்க வேண்டும், தம்பி. வயது 34. வேலை போயிற்று. பட்டம் இல்லை. சொத்து இல்லை. அழுதாரா? வேறொரு கல்லூரி வாயிலில் மனுவோடு நின்றாரா? மான்செஸ்டரின் இலக்கிய தத்துவச் சங்கம் ஜார்ஜ் தெருவில் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. அங்கே தனி மாணவர்களை வைத்துக் கணக்குச் சொல்லித் தரத் தொடங்கினார். வணிகர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மணிக்கணக்குக்குக் கூலி. மீதி நேரத்தில் அதே கட்டடத்தில் சோதனை. ஒரு கையில் சிறுவனின் பலகை, மறு கையில் வாயுக் குடுவை! இடையில் 1801-இல் ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றும் எழுதி வெளியிட்டார் – வாத்தியார் வேலையில் எதைத்தான் விட முடியும்?

அங்கே, அந்த டியூஷன் அறையில் வாழ்ந்துகொண்டேதான், 1803-இல் அணுக்களின் ஒப்பு எடைகளைக் கணக்கிட்டுக் குறித்தார். 1808-இல் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒருவகை அணு. அந்த அணுவுக்கு ஒரு நிறை. அணுக்கள் முழு எண் கணக்கில் கூடிச் சேர்மங்கள் பிறக்கின்றன. இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிற பாடம் இது. அதை எப்படிச் சொன்னார் என்பதைப் பார். வட்டம் போட்டார். ஒரு வட்டத்துக்குள் புள்ளி – ஹைட்ரஜன். வெறும் வட்டம் – ஆக்சிஜன். வட்டங்களை ஒட்டவைத்துச் சேர்மங்களை வரைந்து காட்டினார். பின்னர் மரப்பந்துகள் செய்வித்து, அவற்றைச் சேர்த்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்முன் வைத்தால் ஒழிய சிறுவனுக்கு ஏறாது என்பதை அறிந்தவன் செய்கிற வேலை அது. புலவர்க்குப் புலவன் எழுதுகிறவன் வட்டம் போடமாட்டான்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டால்டன் நல்ல பேச்சாளர் அல்லர். கரகரத்த குரல், கவர்ச்சியற்ற பேச்சு. மேடையில் முழங்கத் தெரிந்தவனுக்குத்தான் பாடம் சொல்ல வரும் என்று நீ எண்ணியிருந்தால், விட்டுவிடு. மேடையில் முழங்குகிற எங்களைக் கூப்பிட்டு ஒரு பின்னக் கணக்கைச் சொல்லித் தரச் சொல்லிப் பார், தெரியும்!

புகழ் ஏறியபின் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பிரான்சிலிருந்து வேதியியல் அறிஞர் ஒருவர், அணுக்கொள்கையின் தந்தையைத் தரிசிக்க வந்தார். பெரிய மாளிகை, பெரிய மண்டபம், சூழச் சீடர்கள் என்று எதிர்பார்த்து வந்தவர் கண்டது ஒரு சிறிய அறையில், ஒரு சிறுவனின் தோளுக்கு மேலாகக் குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரை. “தாங்கள்தானா?” என்று பதறிக் கேட்டாராம். “நான்தான், இந்தப் பையனின் கணக்கைச் சரிசெய்துவிட்டு வருகிறேன், சற்று உட்காருங்கள்” என்ற பொருள்பட விடை வந்ததாம். வெறும் டியூஷன்!

1832-இல் ஆக்ஸ்ஃபோர்டு அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எந்த வாயில் அடைபட்டதோ, அதே வாயில்! 1834-இல் மன்னரைக் காண அந்தப் பட்டத்தின் செவ்வங்கியை அணிந்து சென்றார். எளிய உடைதான் உடுத்த வேண்டும் என்ற குவேக்கருக்குச் செவ்வங்கி கூடாது. ஆனால், டால்டனுக்குச் சிவப்பே தெரியாது! தம்முடைய அந்த நிறக்குருட்டைத் தாமே ஆராய்ந்து 1794-இல் கட்டுரை படித்தவர் அவர். அவர் கண்ணுக்கு அந்த அங்கி மங்கிய நிறம்தான். போட்டுக்கொண்டார், போய்வந்தார்.

அந்தச் சிறுவர்களில் இருவரைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கதை முடியும். சால்ஃபோர்டு நகரத்து மதுவடி ஆலைக்காரர் ஒருவரின் மக்கள்; 1834 வாக்கில் டால்டனிடம் அனுப்பப்பட்டனர். அணுவைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்த பிள்ளைகளுக்கு டால்டன் முதலில் கற்பித்தது எண்கணக்கும் வடிவியலும்தான். 1837-இல் டால்டன் நோயில் விழும்வரை பாடம் நடந்தது. அந்த இருவரில் இளையவர் ஜேம்ஸ் ஜூல். வெப்பமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன, இன்ன அளவுக்கு இன்ன அளவு என்று பின்னாளில் அளந்து காட்டியவர். தாமே புதியது தேட வேண்டும் என்ற ஆசை பிறந்தது டால்டனின் பாடத்தில்தான் என்று நன்றியோடு சொன்னவர். இன்று ஆற்றலின் அலகு ஜூல். அணு, மூலக்கூறுகளின் நிறைக்கு வழங்கும் அலகு டால்டன். வாத்தியார் ஒரு அலகு, மாணவன் ஒரு அலகு! உலகத்தின் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அந்த ஜார்ஜ் தெரு டியூஷன் அறையின் வருகைப் பதிவேட்டை நாள்தோறும் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

சரி. டால்டனுக்கு டியூஷன் சோறு போட்டது. ஆராய்ச்சிக்கு நேரம் தந்தது. உன் கேள்வி வேறு. “தெரியாத கேள்வி வந்துவிட்டதே!” என்பதல்லவா?

சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் பாலிடெக்னிக். 1858. ரிச்சர்டு டெடிகிண்ட் என்ற 27 வயது ஆசிரியர், கால்குலஸ் பாடத்தின் அடிப்படையை முதன்முறையாக நடத்த வேண்டியிருந்தது. நடத்தும்போது, தம் காலடியில் தரை இல்லை என்று கண்டார்! எண்கள் ஒரு கோட்டைப் போல இடைவெளியின்றித் தொடர்கின்றன என்று சொல்லித் தருகிறோமே, அதற்கு நிறுவல் எங்கே? படம் போட்டுக் காட்டிச் சமாளித்தார். சமாளிக்கிறோம் என்பது அவருக்கே உறுத்திற்று. உன்னைப் போலத்தான், தம்பி. ஆனால் அவருக்குக் காய்ச்சல் வரவில்லை! உறுத்தலை விடாமல் பிடித்தார். அந்த ஆண்டு நவம்பர் 24-இல் விடை கிடைத்தது என்று தேதியோடு எழுதிவைத்திருக்கிறார். 1872-இல் அதை நூலாக வெளியிட்டார். எண்களின் கோட்பாட்டில் ‘டெடிகிண்ட் வெட்டு’ என்று இன்று எல்லாக் கல்லூரியிலும் நடத்துகிறார்கள். மாணவர்முன் நின்றிராவிட்டால் அந்த ஓட்டை அவர் காலில் இடறியே இராது. தனியாகப் படிக்கிறவன் ஓட்டையைத் தாண்டிப் போய்விடுவான்; சொல்லித் தருகிறவன்தான் விழுவான். அந்தப் பையன் உன்னைக் கேட்டது அவமானமா, தம்பி? மாதம் பிறந்தால் அவன் தருகிற கட்டணத்தைவிட அந்தக் கேள்வி பெரிய கூலி!

அதே சூரிச் பாலிடெக்னிக்கில் 1900-இல் தேறி வெளிவந்த ஓர் இளைஞனை உனக்குத் தெரியும். ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். உதவியாளர் வேலை கேட்டுப் பேராசிரியர்களுக்கெல்லாம் எழுதினார், கிடைக்கவில்லை. தற்காலிக ஆசிரியராக இருந்தார், ஒரு மாணவனைத் தேர்வுக்குத் தயாரிக்கும் வேலையிலும் இருந்து பார்த்தார், நிலைக்கவில்லை. 1902 பிப்ரவரியில், 22 வயதில், பெர்ன் நகரத்துக்கு வந்து ஒரு அறை பிடித்தார். தெருவின் பெயர் நீதித் தெரு! உள்ளூர்ப் பத்திரிகையில் சின்ன விளம்பரம்: மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் தனிப்பாடம் நடத்தப்படும், முதல் பாடம் இலவசம். நம் ஊர் மின்கம்பத்தில் ஒட்டியிருக்குமே, அதே சரக்குத்தான்.

அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் மோரிஸ் சொலொவின் என்ற ருமேனிய மாணவர். தத்துவம் படிக்கிறவர், இயற்பியலைத் தெரிந்துகொள்ள ஆசை. முதல் நாளே இரண்டு மணிநேரம் பேச்சு. வழியனுப்ப வந்து தெருவில் நின்றும் பேச்சு. இரண்டு மூன்று சந்திப்புக்குள் வாத்தியாரே, பாடம் வேண்டாம், சும்மா வா, பேசலாம் என்றுவிட்டார். போயிற்று கட்டணம்! கான்ராடு ஹபிஷ்ட் என்ற நண்பரும் சேர்ந்தார். மூவரும் மாலையில் கூடி, மலிவான தின்பண்டத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஹ்யூம், மாக், பொயன்கரே என்று நூல்களை வரிவரியாக வாதாடிப் படித்தார்கள். 1905-இல் காலத்தையும் இடத்தையும் புரட்டிப் போட்ட கட்டுரை வந்தது. அந்த வழியில் ஹ்யூமும் மாக்கும் தமக்குத் துணைநின்றதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இங்கே உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. டியூஷன் ஐன்ஸ்டீனுக்கு வேலை வாங்கித் தரவில்லை. 1902 ஜூனில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது உடன்படித்த நண்பரின் தந்தை செய்த சிபாரிசால்! அங்கேயும் அதுதான் வழக்கம் போலும். டியூஷன் அவருக்குத் தந்தது வேலையை அன்று. எதிர்க் கேள்வி கேட்கும் இரண்டு மனிதர்களை. அது சிபாரிசில் கிடைக்காது.

நம் மண்ணிலே ஒருவருக்கு அதே டியூஷன் கைகொடுக்கவில்லை. ஈரோட்டில் 1887-இல் பிறந்த சீனிவாச ராமானுஜன். கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர மற்றவற்றில் தோற்று, வேலையின்றி அலைந்த நாட்களில் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க முயன்றார். தேர்வுக்கு வேண்டிய கால்குலஸைக் கேட்டு வந்த மாணவரிடம், அவர் முடிவிலியைப் பற்றியே பேசினார். மாணவர் நின்றுவிட்டார். மேதைக்குக் குறைவா? இல்லை. தன் உயரத்திலிருந்து இறங்கி, எதிரே இருப்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்க அவரால் முடியவில்லை. எல்லோர்க்கும் பொருந்துகிற தொழில் இல்லை, தம்பி, இது. அவருக்குக் கைகொடுத்தது அவருடைய நோட்டுப் புத்தகம். அதைத்தான் சென்னையில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். 1912-இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், மீதி ஊரறிந்தது.

ஊர் அறியாத பகுதி ஒன்றுண்டு. கும்பகோணத்தில் பதினாறு வயதுப் பையனாக அவர் இரவு பகலாகப் படித்தாரே ஒரு தடித்த கணித நூல், அதை எழுதியவர் யார்? ஜி. எஸ். கார். லண்டனில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்; ஏறக்குறைய நாற்பது வயதில்தான் கேம்பிரிட்ஜுக்கு மாணவராகவே போனவர்; 1880-இல் தேர்வு எழுதி, இரண்டாம் தரத்தில் பன்னிரண்டாம் இடம் வாங்கியவர். அதே ஆண்டில் நூலின் முதல் பகுதி வெளிவந்தது. மாணவரைத் தேர்வுக்குத் தயாரிக்கச் சேர்த்துவைத்த விதிகள், வரிசையாக, எண் போட்டு, ஆயிரக்கணக்கில்! விடை இருந்தது, ‘ஏன்’ என்பது பெரும்பாலும் இல்லை. அந்த ‘ஏன்’ ஒவ்வொன்றையும் தாமே கண்டுபிடிக்கப் போய்த்தான் கும்பகோணத்துப் பையன் ராமானுஜன் ஆனார். லண்டனிலே பேர் தெரியாத டியூஷன் வாத்தியாரின் நோட்டு, காவிரிக் கரையிலே கண் திறந்தது!

இவ்வளவு சொன்னபின் உன் திண்ணைக்கு வருகிறேன்.

நிறுத்தாதே. ஆனால், நடத்துகிறபடியே நடத்தவும் செய்யாதே. காலை எட்டிலிருந்து இரவு பத்துவரை பாடம் எடுத்து, நாலு காசு பார்த்து, தன் படிப்பைத் தூர்ந்துபோக விட்டவர்களை நானறிவேன். பத்தாண்டுக்கு முன் வாங்கிய நோட்டையே கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறவர்கள் அவர்கள். டால்டன் நேரத்தைப் பங்கு போட்டதைப் பார்த்தாயல்லவா? மாலை இரண்டு மணிநேரம் மாணவர்க்கு. காலை நேரம் உனக்கு. கட்டணம் வாங்க வெட்கப்படாதே. இல்லாத பிள்ளையிடம் கேட்கவும் கேட்காதே.

ஒரு நோட்டு வாங்கு. பாடக் குறிப்பு எழுத அன்று, கேள்வி எழுத. எந்த மாணவன் எங்கே இடறினான், நீ முதலில் எப்படிச் சொன்னாய், அது ஏன் ஏறவில்லை, பிறகு எப்படி மாற்றிச் சொன்னாய் – தேதி போட்டு எழுது. நேர்காணலுக்குப் போகும்போது, “இரண்டாண்டு என்ன செய்தீர்?” என்று கேட்பார்கள். தலைகுனிந்து, “சும்மா, டியூஷன்...” என்று இழுக்காதே. அப்பா போட்ட ‘வெறும்’ என்ற அதே சொல்லை நீயே உன்மீது போட்டுக்கொள்வதாகும் அது. “எட்டுப் பேருக்கு இந்தத் தாளை நடத்தினேன், இத்தனை பேர் தேறினார்கள், இன்ன இடத்தில் எல்லோரும் தடுக்கினார்கள், இப்படிச் சரிசெய்தேன்” என்று சொல். தொழிற்சாலையில் புதிய பொறி வந்தால், அதை முதலில் புரிந்துகொண்டு மற்ற பத்துப் பேருக்குச் சொல்ல ஒருவன் வேண்டும். அந்த ஒருவனைத்தான் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் தேடுகிறார். உடனே வேலை கிடைத்துவிடுமா? அப்படி நான் வாக்களிக்கவில்லை. வாக்களிக்க என்னிடம் தொழிற்சாலை இல்லை.

நம் காலத்துச் சேதியும் ஒன்று. அமெரிக்காவில், பங்குச் சந்தைப் பணத்தைப் பெருக்கும் நிறுவனத்தில் வேலையிலிருந்த சல்மான் கான், 2004-இல் தொலைவிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியிலும் இணையத்திலும் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்டார்கள். 2006-இல் பாடங்களைப் படமாக்கி யூடியூபில் போட்டார். 2009-இல் வேலையையே விட்டுவிட்டு அதில் இறங்கினார். கான் அகாடமி என்று உலகம் அறிந்தது அதைத்தான். அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, கொடையாளிகளும் இருந்தனர். உனக்கு அதுபோல் நடக்கும் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சிறுமியின் தடுமாற்றத்தில் தொடங்கிற்று என்பதற்காக எழுதினேன்.

அப்பாவை ஒருநாள் மாலை திண்ணையில் உட்காரச் சொல். பேசவேண்டாம், பார்க்கட்டும். இரவில் அவரே கேட்பார் ஏதாவது.

புதன்கிழமை அந்த எட்டுப் பேரும் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சல் தீர்ந்தது என்று சொல்லி உட்கார். “நீ கேட்டதற்கு விடை எனக்குத் தெரியவில்லை, தேடினேன், இதுவரை கிடைத்தது இது” என்று தொடங்கு. பொறியாளர் நண்பரையும் கேட்டேன், குறி மாறினால் ஏன் பொறி நிலைகுலைகிறது என்று. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “அது... விதி அப்படி” என்றார்! ஆகவே எனக்கும் தெரியவில்லை. நீ கண்டுபிடித்ததும் எழுது, தம்பி. பள்ளியோடு நின்றவனுக்கும் விளங்கும்படி எழுது.